பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் கடுமையான உடற்பயிற்சி: எப்போது தொடங்கலாம், எவ்வளவு செய்யலாம்?

கீழவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 62. பன்னிரண்டு நாட்களுக்கு முன் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றும், கசிவு ஏதும் இல்லை என்றும் ஸ்கேனில் தெரிந்தது. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாமாக எழுந்து நிற்கிறார். இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டால் வாசல் வரை நடக்கிறார். வலது பாதத்தை முழுதாகத் தூக்க முடியாததால் பெருவிரல் தரையில் உரசுகிறது. ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்.

நாங்கள் போய்ப் பார்த்த ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில், முதல் மூன்று மாதங்களை விட்டால் மீண்டும் கிடைக்காது, நாளைக்கே சேர்த்துவிடுங்கள், தினமும் மூன்று மணி நேரம் ட்ரெட்மில்லும் சைக்கிளுமாக மூச்சு வாங்க வாங்கப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள். வீட்டிலோ என் பெரியப்பா, ஒரு மாதமாவது அசையாமல் படுத்திருந்தால்தான் மூளை ஆறும் என்கிறார். இரண்டு பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் ஆய்வுகளின் அடிப்படையில் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, இயன்முறை மருத்துவராக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இரண்டு தனித்தனிக் கேள்விகள் உங்களிடம் ஒன்றாகக் கட்டப்பட்டு வந்திருக்கின்றன. நோயாளியை எப்போது எழுப்புவது என்பது ஒன்று, எழுப்பிய பின் எவ்வளவு கடுமையாக வேலை வாங்குவது என்பது மற்றொன்று. சீக்கிரம் எழுப்பினால் நல்லது என்றால் சீக்கிரமே கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் இன்னும் நல்லது என்று எங்கள் துறையில் பலரும் பல காலம் நம்பினோம், நானும் நம்பியவன்தான். அந்த நம்பிக்கை எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2004இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து மருத்துவமனைகளின் பக்கவாதப் பிரிவுகளில், நோய் வந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த 58 பேரைப் பகல் முழுவதும் கவனித்துக் குறித்து வைத்தார்கள். பகல் நேரத்தில் பாதிக்கும் மேல் நோயாளிகள் படுக்கையிலேயே கிடந்தார்கள். நடப்பது, நிற்பது போன்ற, மீட்சிக்கு உதவக்கூடிய செயல்களில் கழிந்த நேரம் 13 சதவீதம் மட்டுமே. 60 சதவீத நேரம் பக்கத்தில் ஒருவர்கூட இல்லாமல் தனியாக இருந்தார்கள். இன்னொரு பக்கம், நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் பக்கவாதத்துக்கென்றே அமைத்த பிரிவு 1991இல் வெளியிட்ட ஆய்வில், பொது வார்டில் இருந்தவர்களைவிட அந்தப் பிரிவில் இருந்தவர்கள் தெளிவாக நன்றாகத் தேறியிருந்தார்கள். அங்கே நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைத்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் பெர்ன்ஹார்ட் தலைமையில் ஏவர்ட் என்ற பெரிய சோதனை நடந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். ஒரு பாதிப்பேரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தைவிட அதிகத் தடவையும் அதிக நேரமும் உட்கார, நிற்க, நடக்க வைத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. முதல் குழுவினர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 31 நிமிடமும் மற்றவர்கள் 10 நிமிடமும் பயிற்சி பெற்றார்கள். 2015இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது எங்களில் பலருக்கு அதிர்ச்சி. மூன்று மாதம் கழித்துப் பிறர் துணையின்றி வாழும் நிலையை அடைந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம், முன்கூட்டியே தீவிரமாகப் பயிற்றப்பட்டவர்களில் 46 சதவீதம். படுத்தே கிடப்பதால் வரும் சிக்கல்களும் அவர்களுக்குக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் பெரியப்பா தாம் சொன்னதே சரி என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கமான கவனிப்புக் குழுவிலும் 59 சதவீதம் பேர் முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பப்பட்டவர்கள்தான். முதன்முறை எழுந்த நேரத்தில் இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் சராசரியாக நான்கு மணி நேரமே. ஒரு மாதம் படுத்திருந்தவர் எவரும் அந்த ஒப்பீட்டில் இல்லை. ஆகவே அந்தச் சோதனையை வைத்து ஓய்வுக்கு ஆதரவாக ஒரு சொல்லும் பேச முடியாது.

அதே தரவுகளை மீண்டும் அலசியபோது கிடைத்ததைத்தான் நான் இன்றுவரை என் வேலையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளில் எழுப்பும் தடவைகள் ஒவ்வொன்று கூடும்போதும் நல்ல நிலையை அடையும் வாய்ப்பு விகிதம் 13 சதவீதம் உயர்ந்தது; ஆனால் தடவைகள் அப்படியே இருக்க மொத்த நேரம் ஐந்து நிமிடம் கூடும்போது அது 6 சதவீதம் குறைந்தது. சுருங்கச் சொன்னால், முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை எழுப்ப வேண்டும்; ஒரே மூச்சில் நெடுநேரம் வாட்டக் கூடாது.

ஈப்போ செவிலி எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவில் பக்கவாத வார்டில் செவிலியாக இருக்கிறேன். ஏவர்ட் சோதனையில் எங்கள் நாடும் பங்கேற்றது என்பதால் அதன் முடிவு இங்கே நிறையப் பேசப்பட்டது. ஐயா சொன்னதோடு வார்டில் கண்ணால் காணும் ஒன்றைச் சேர்க்கிறேன்.

அடைப்பு ஏற்பட்டவரை முதன்முறையாகக் கட்டிலிலிருந்து கால் தொங்க உட்கார வைக்கும்போது நாங்கள் பார்ப்பது அவர் முகத்தையும் பி.பி. கருவியையும்தான். படுத்திருக்கையில் 150 காட்டிய மேல் அழுத்தம் உட்கார்ந்த இரண்டாம் நிமிடம் 118க்கு இறங்கிய ஒரு அம்மாவை நான் மறக்கவில்லை. உதடு வெளுத்தது, அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் சொல்லுக்குத் தடுமாறினார். உடனே படுக்க வைத்து மருத்துவரை அழைத்தோம். சற்று நேரத்தில் பேச்சு தெளிந்தது. அடைபட்ட பகுதியைச் சுற்றி, சாகாமலும் முழுதாக வேலை செய்யாமலும் ஊசலாடும் திசு இருக்கிறது. உடல் நிலை மாறும்போது தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனை மூளை அந்த நாட்களில் ஓரளவு இழந்திருப்பதால், அழுத்தம் விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்தத் திசுதான். மறுபக்கம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவர்களுக்கு முதல் 24 மணி நேரம் அழுத்தம் 180/105ஐத் தாண்டாமல் காக்க வேண்டும். கடும் முயற்சியில் அது தாண்டினால் கசிவு அபாயம். முதல் ஒன்றிரண்டு நாட்களில் மூச்சு வாங்கும் பயிற்சிக்கு இடமே இல்லை என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் சகோதரி, உங்கள் தந்தை பன்னிரண்டாம் நாளில் இருக்கிறார். அவருடைய நிலை வேறு.

இடதுகை எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் வீணடித்தவன். 49 வயதில் எனக்குப் பக்கவாதம் வந்தது. ஐந்து மாதம் தவறாமல் பிசியோவுக்குப் போனேன். கரண்ட் வைத்தார்கள், கையை மடக்கி நீட்டினார்கள், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான்கு நடை நடத்தினார்கள். ஒரு நாளாவது எனக்கு வியர்த்ததில்லை. ‘ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க சார்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். நடக்கப் பழகிவிட்டேன் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் பேருந்து நிறுத்தம் வரை போய்வந்தால் மாலை வரை எழ முடியாத களைப்பு.

பதினான்காம் மாதம் வேறொரு பிசியோ, இதயப் பரிசோதனை முடிந்த பின், மேலே கொக்கியில் மாட்டிய பட்டையை இடுப்பில் கட்டி ட்ரெட்மில்லில் ஏற்றினார். முப்பது விநாடி என்னால் முடிந்த உச்ச வேகம், பிறகு ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் முப்பது விநாடி. முதல் நாள் நான்கு தடவைக்கு மேல் முடியவில்லை. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்து என் மனைவி பயந்துவிட்டாள். எனக்கோ நோய் வந்த பிறகு முதன்முறையாக உடம்பு என்னுடையது என்று தோன்றியது. மூன்று மாதத்தில் பேருந்து நிறுத்தம் போய்த் திரும்பி, கடைக்கும் போய்வரலானேன்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. 2023இல் அமெரிக்காவில் வெளியான ஹிட்-ஸ்ட்ரோக் சோதனையில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு ஆன 55 பேருக்கு வாரம் மூன்று முறை, தலா 45 நிமிடம், பன்னிரண்டு வாரம் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். விட்டுவிட்டு உச்ச வேகத்தில் நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் 71 மீட்டர் கூடியது. மிதமான வேகத்தில் நடந்தவர்களுக்கு 27 மீட்டர். இவ்வளவு பலன் தருவதை முதல் மூன்று மாதத்துக்குள் ஏன் கொடுக்கக் கூடாது என்பதே என் கேள்வி. இங்கே எழுதப்படும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு இன்னொரு குடும்பம் இன்னொரு மனிதரைக் கட்டிலில் கிடத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஆய்வு மாணவி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. அதே கேள்வியைத்தான் ஜெர்மனியில் கேட்டுப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து 5 முதல் 45 நாட்களுக்குள் இருந்த 200 பேர். ஒரு குழுவுக்கு நான்கு வாரம், வாரம் ஐந்து நாள், 25 நிமிடம் உடல் எடையைத் தாங்கும் ட்ரெட்மில்லில் ஏரோபிக் பயிற்சி. மறு குழுவுக்கு அதே அளவு நேரம் தளர்வுப் பயிற்சி. இரு குழுவுக்கும் வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சை கூடவே நடந்தது. ஃபிஸ்-ஸ்ட்ரோக் என்ற அந்தச் சோதனையின் முடிவு 2019இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்து நடை வேகத்திலும் அன்றாடச் செயல்களிலும் ஏரோபிக் பயிற்சி மேலானதாகத் தெரியவில்லை. கடுமையான பாதக நிகழ்வுகளின் வீதம் அந்தக் குழுவில் 1.81 மடங்காக இருந்தது. அந்த எண்ணின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 0.97இலிருந்து 3.36 வரை நீள்வதால் (1 என்றால் வித்தியாசமே இல்லை) தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது, ஆபத்து நிரூபணமானது என்று அறிவிக்கவும் முடியாது. இத்தனைக்கும் அங்கே கொடுத்தது உங்களுக்குக் கிடைத்த உச்ச வேகப் பயிற்சி அல்ல. இதயத் துடிப்பை மிதமான அளவுக்கு உயர்த்தும் பயிற்சிதான்.

‘மூன்று மாதத்தை விட்டால் போச்சு’ என்று அந்த மையம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது மக்களை எளிதில் அசைத்துவிடுகிறது. எலிகளில் செய்த ஆய்வில், மூளையில் அடைப்பை உண்டாக்கி ஐந்தாம் நாள் பயிற்சி தொடங்கியவை நன்றாகத் தேறின. முப்பதாம் நாள் தொடங்கியவைக்குப் பலன் அநேகமாக இல்லை. அதே எலிகள் உலகில் இன்னொரு பாடமும் உண்டு: காயம் பட்ட உடனேயே நல்ல காலைக் கட்டிப்போட்டு, பாதிக்கப்பட்ட காலை மட்டுமே ஓயாமல் பயன்படுத்த வைத்தபோது மூளைக் காயம் பெரிதானது. மனிதர்களில், 2021இல் வெளிவந்த சிபாஸ் என்ற ஆய்வு 72 பேருக்குக் கைக்கான கூடுதல் பயிற்சியை 20 மணி நேரம் வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தது. அதிகப் பலன் பெற்றவர்கள் இரண்டு, மூன்று மாதங்களுக்கு இடையே தொடங்கியவர்கள். முதல் மாதத்திலேயே தொடங்கியவர்களுக்குப் பலன் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுக்குத் தெரியும்படி பலன் இல்லை. அது கைக்கான பயிற்சி; இதயத்தையும் நுரையீரலையும் உழைக்க வைக்கும் பயிற்சிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும், கதவு முதல் வாரத்தில் முழுதாகத் திறந்து இரண்டாம் வாரத்தில் மூடத் தொடங்குகிறது என்ற சித்திரம் தவறு என்பதற்கு அது போதும்.

வைகைக்கரை எழுதியது:

இடதுகை அவர்களே, உங்களுக்கு நேர்ந்ததை எங்கள் துறையின் குறையாகவே ஏற்கிறேன். 2002இல் கனடாவில், பக்கவாத நோயாளிகள் பிசியோவில் இருக்கும்போது அவர்களின் நாடித்துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஓர் அமர்வு முழுவதிலும், இதயத்துக்குப் பயன் தரக்கூடிய துடிப்பு நிலையில் அவர்கள் இருந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கை நீட்டி மடக்குவதும் நான்கு நடை நடப்பதும் வேறு வகையில் தேவைதான். ஆனால் அவற்றால் தெம்பு கூடாது. பக்கவாதம் வந்தவர்களின் உடல் திறன் அதே வயதுடைய மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருக்கும், கால் இழுத்து நடப்பதால் ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்தியோ கூடுதல். வருமானம் பாதியாகி விலைவாசி இரட்டிப்பானவர் நிலை அது. பேருந்து நிறுத்தத்தோடு உங்கள் நாள் முடிந்துபோனதற்கு இதுவே காரணம்.

எனவே நான் கடுமையான பயிற்சிக்கு எதிரானவன் அல்லன். அது தள்ளிப்போட வேண்டிய நாட்களும் உண்டு, தள்ளிப்போடக் கூடாத நாட்களும் உண்டு என்கிறேன். சிகாகோவில் நடந்த வியூஸ் என்ற ஆய்வில், பக்கவாதம் வந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் இருந்த 32 பேரில் ஒரு பகுதியினருக்குப் பத்து வாரத்தில் நாற்பது அமர்வு வரை, இருப்புத் துடிப்பில் 70 முதல் 80 சதவீதத்தை இலக்காக வைத்து, ட்ரெட்மில், சமதளம், படிக்கட்டு என மாற்றி மாற்றி நடக்க வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் வேகமாகவும் நெடுந்தூரமும் நடந்தார்கள். சிறிய ஆய்வு, ஆனாலும் ஒரு மாதம் கடந்தவரைத் தகுந்த சோதனைக்குப் பின், கண்காணிப்போடு கடுமையாக உழைக்க வைக்கலாம் என்ற துணிவை எனக்குத் தந்தது.

இருப்புத் துடிப்பு என்பதைக் கீழவாசல் அவர்களின் தந்தையை வைத்தே விளக்குகிறேன். 220இலிருந்து வயது 62ஐக் கழித்தால் 158. ஓய்வு நேர நாடி 72 என்று கொண்டால் இடையே இருப்பது 86. இதில் 40 சதவீதத்தை 72உடன் கூட்டினால் ஏறக்குறைய 106. 60 சதவீதம் என்றால் 124. 80 சதவீதம் என்றால் 141. முதல் இரண்டுக்கும் நடுவே இருப்பது மிதமான பயிற்சி, 124க்கு மேல் கடுமையானது. ஆனால் அவர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை துடிப்பை உயரவிடாது. அவர் 110இல் இருக்கும்போதே உண்மையில் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து ‘இன்னும் 124 வரவில்லை, வேகத்தைக் கூட்டு’ என்று ஒருவர் விரட்டினால் விபரீதம். மாத்திரை சாப்பிட்ட நிலையிலேயே ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு படிப்படியாக முயற்சியைக் கூட்டும் சோதனை செய்து, அதில் கிடைக்கும் உச்சத் துடிப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். வீட்டில் அன்றாட அளவுகோல் பேச்சுதான். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் இலேசு. நான்கைந்து சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் மிதம். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் இப்போதைக்கு அவருக்கு அது கூடாது.

அந்த மையத்திடம் மூன்று மணி நேரம் என்பதைப் பற்றிக் கேட்பதற்கு முன், சேர்ப்பதற்கு முன்பு இதயப் பரிசோதனை செய்வீர்களா, ஒவ்வோர் அமர்விலும் ரத்த அழுத்தம் பார்ப்பீர்களா, விழாமல் தாங்கும் பட்டை இருக்கிறதா, சர்க்கரை இறங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் மூன்று மணி நேரத்தில் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் ஓய்வும் அடக்கம் என்றால் அது வேறு விஷயம். இக்கேள்விகளுக்கு எரிச்சலோடு பதில் சொல்லும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

கீழவாசல் எழுதியது:

ஐயா, அனைவருக்கும் நன்றி. நேற்று மையத்தில் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். இதயப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, உங்கள் அப்பா நல்ல திடமாக இருக்கிறார் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெரியப்பாவிடம் அந்த 59 சதவீதக் கணக்கைச் சொன்னேன். முதல் நாளே எழுப்புகிறார்களா என்று இரண்டு முறை கேட்டார். மாலையில் அவரே அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு அழைத்துப் போனார்.

இரண்டு நாட்களாகக் காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, ஐந்து நிமிடம் நிற்கவும் நடக்கவும் வைக்கிறோம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை நேற்று ஆறு தடவை செய்தார். ஒரு கேள்வி மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் திறக்க முடியாத அளவுக்குச் சோர்ந்துவிடுகிறார். நாங்கள் அதிகமாகச் செய்துவிட்டோமா?

இந்தியாவில் வீட்டாரே பயிற்சி கொடுப்பது பற்றி ஏதேனும் ஆய்வு உண்டா என்றும் அறிய விரும்புகிறேன்.

ஆய்வு மாணவி எழுதியது:

அக்கா, உண்டு. அட்டெண்ட் என்ற சோதனை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017இல் வெளியானது. நோயாளியின் வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரு குழுவிலும் 47 சதவீதம்தான். குடும்பத்தின் அன்பும் உழைப்பும் போதாது என்று இதற்குப் பொருள் அல்ல. பயிற்சி பெற்ற ஒருவரின் இடத்தை அதைக்கொண்டு நிரப்ப முடியவில்லை என்று பொருள். நீங்கள் வீட்டில் செய்வதைத் தொடருங்கள், ஆனால் வாரம் இரண்டு மூன்று முறையாவது ஒரு பிசியோ வந்து பார்த்து அளவை மாற்றிக்கொடுக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, மதியச் சோர்வு பக்கவாதத்துக்குப் பின் மிகவும் பொதுவானது. அதை மட்டும் வைத்து நீங்கள் மிகையாகச் செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள், எழுந்ததும் ரத்த அழுத்தம் பாருங்கள். மறுநாள் காலையிலும் அந்தச் சோர்வு நீங்காமல் இருந்தால், அல்லது முந்தைய நாள் செய்ததைச் செய்ய முடியாமல் போனால், தடவைகளைக் குறைக்காமல் ஒவ்வொரு தடவையின் நேரத்தை மூன்று நிமிடமாக்குங்கள். புதிதாக வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மேலும் தளர்ந்தாலோ அதைச் சோர்வு என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, ஒரு மாதம் முடிந்ததும் இதயச் சோதனை செய்து, ட்ரெட்மில் பயிற்சிக்கு அனுமதி தர இயலுமா என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்றும், எப்போது மறுபடி கேட்கலாம் என்றும் கேட்டு வாருங்கள். பெருவிரல் உரசுவதாகச் சொன்னீர்கள். வீட்டுக்குள் நடக்கும்போதும் ரப்பர் செருப்பைத் தவிர்த்து, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் ஷூ போட்டுவிடுங்கள். வாசல்படியில் கால் தட்டி விழுபவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணுக்காலுக்குப் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட் பட்டை வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் பிசியோ முடிவு செய்வார்.